வேறுபாட்டுப் பல்லிணை மூடி

வேறுபாட்டுப் பல்லிணை மூடி என்பது பின்சக்கர உந்துகை கொண்ட தானுந்துகளில், பின்னச்சின் நடுவே உள்ள பல்லிணைக் கூட்டின் பின்வாயை அடைக்கும் உலோக மூடி ஆகும். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இது டிஃபரன்ஷியல் கவர் என்றே வழங்கப்படுகிறது. தொழிற்சாலையில் இருந்து வரும் மூடி பெரும்பாலும் அழுத்தி வடித்த எஃகுத் தகடாக இருக்கும். சிறு சரக்குந்து (பிக்கப்) உரிமையாளர்கள் சிலர் அதனைக் கழற்றிவிட்டு, விசிறிதழ் போன்ற வரிவரியான புடைப்புகள் கொண்ட அலுமினிய வார்ப்பு மூடியைப் பொருத்துகின்றனர். பல்லிணை எண்ணெய் குளிரும், கூடுதல் எண்ணெய் கொள்ளும், அடி பட்டாலும் தாங்கும் என்பன இம்மாற்றத்துக்குச் சொல்லப்படும் காரணங்கள். இவற்றுள் கடைசியாகச் சொன்னது உண்மை. மற்ற இரண்டும் விளம்பரங்களில் சொல்லப்படும் அளவுக்கு உண்மையல்ல.

அமைப்பு

வண்டி திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தை விடக் கூடுதலான தொலைவு ஓட வேண்டும். இரண்டு சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுகப் பிணைத்தால் ஒன்று தேய்ந்து இழுபடும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுத்து, பொறியின் முறுக்குவிசையை இரண்டுக்கும் பகிர்வதே வேறுபாட்டுப் பல்லிணையின் வேலை. உந்துதண்டின் முனையில் உள்ள பினியன் என்னும் சிறு பற்சக்கரம், கிரவுன் எனப்படும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றும். கிரவுனோடு பிணைந்த கூண்டுக்குள் நான்கு அல்லது ஆறு சிறு பற்சக்கரங்கள் இருக்கும். இவை அனைத்தும் எண்ணெயில் நனைந்தபடி இயங்குவன.

பின்னச்சுக் கூடுகளில் இரண்டு வகை உண்டு. மூடியை மாற்றலாமா என்ற கேள்வி இங்கேயே தீர்ந்துவிடுவதால் இதனை முதலில் அறிதல் நன்று. முதல் வகையில் பற்சக்கரங்கள் கூட்டுக்குள்ளேயே தாங்கிகளில் அமர்ந்திருக்கும். பின்புறம் திறந்து மூடும் வாய் உண்டு. இதற்குச் சாலிசுபரி வகை என்று பெயர். இரண்டாவது, பாஞ்சோ என்னும் நரம்பிசைக் கருவியின் வடிவை ஒத்திருப்பதால் பாஞ்சோ வகை எனப்படுவது. அதில் பற்சக்கரத் தொகுதி முழுவதையும் முன்புறமாகக் கழற்றி எடுக்க வேண்டும். பின்புறம் உள்ள அரைக்கோள வடிவத் தகடு கூட்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அது மூடி போலத் தோன்றினாலும் மூடி அன்று. வண்டியின் பின்னால் குனிந்து பார்த்தால் வேறுபாடு விளங்கும். வட்ட விளிம்பைச் சுற்றி மரையாணித் தலைகள் பின்புறம் தெரிந்தால் அது சாலிசுபரி வகை. பின்புறம் வழவழப்பாக இருந்து, ஆணிகள் முன்புற விளிம்பில் இருந்தால் பாஞ்சோ வகை. பெரும்பாலான கனரகச் சரக்குந்துகளும், 2022 முதல் இந்தியாவில் விற்கப்படும் டொயோட்டா ஹைலக்சும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு மூடி மாற்றம் என்ற பேச்சே எழாது.

வரலாறு

சாலையில் ஓடும் நீராவி வண்டிக்காக வேறுபாட்டுப் பல்லிணையை 1820களின் இறுதியில் வடிவமைத்தவர் பிரான்சைச் சேர்ந்த ஒனெசிஃபோர் பெக்கர். பின்வாய் திறக்கும் அச்சுக்குப் பெயர் தந்த சாலிசுபரி அச்சு நிறுவனம் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. அதனை 1919இல் கிளாரன்சு சுபைசரின் நிறுவனம் வாங்கியது. அந்நிறுவனமே 1946இல் டானா எனப் பெயர் மாறியது. பினியனைக் கிரவுனின் மையக் கோட்டுக்குக் கீழே இறக்கி வைக்கும் ஹைப்பாய்டு பற்கள் 1920களில் பேக்கார்டு தானுந்துகளின் வழியாகப் பரவின. இதனால் உந்துதண்டு தாழ்ந்தது, வண்டியின் தளமும் தாழ்ந்தது. ஆனால் பற்கள் ஒன்றின் மீது ஒன்று உருள்வதோடு சறுக்கவும் செய்வதால் உராய்வு வெப்பம் கூடியது. பின்னச்சு எண்ணெயைப் பற்றிய இன்றைய கவலைகள் பலவற்றுக்கும் இந்தச் சறுக்கலே மூலம்.

இந்தியாவில் இவ்வகை அச்சு ஜீப்பின் வழியாக அறிமுகமானது. மகிந்திரா நிறுவனம் 1947இல் வில்லிசு ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. பின்னர் அந்நிறுவனம் தயாரித்த சி.ஜே.3பி வகை ஜீப்பின் பின்னச்சு, டானா 44 எனப்படும் வடிவம். பத்து மரையாணிகள் கொண்ட அதன் எஃகு மூடியைத் தமிழ்நாட்டு மலைத் தோட்டங்களின் பழைய ஜீப்புகளில் இன்றும் காணலாம்.

எண்ணெயின் ஓட்டமும் மூடியின் உள்வளைவும்

பின்னச்சில் எண்ணெயை இறைக்கும் தனி விசைக்குழாய் கிடையாது. கிரவுன் சக்கரமே அந்த வேலையைச் செய்கிறது. அதன் கீழ்ப்பகுதி எண்ணெயில் முங்கி, சுழலும்போது எண்ணெயைப் பற்களில் ஏந்திச் செல்லும். சக்கரத்தை ஒட்டி வளைந்திருக்கும் மூடியின் உட்புறம், அந்த எண்ணெயைச் சிதறவிடாமல் மேல்நோக்கி வழிநடத்தி, கூட்டின் முன்பகுதிக்கு அனுப்பும். முன்பகுதியில்தான் பினியனின் தாங்கிகள் உள்ளன. அவை இப்படி வீசப்பட்டு வரும் எண்ணெயைப் பெரிதும் நம்பியே உயிர் வாழ்கின்றன. எனவே எஃகு மூடியின் வளைவு அழகுக்காக அமைந்ததன்று.

சந்தையில் கிடைக்கும் அலுமினிய மூடிகள் பலவற்றின் பின்சுவர் தட்டையானது. வார்ப்பதற்கு எளிது, பார்ப்பதற்கும் கம்பீரமாக இருக்கும். ஆனால் கிரவுன் வீசும் எண்ணெய் தட்டைச் சுவரில் மோதித் திரும்பிச் சிதறுகிறது, காற்றோடு கலந்து நுரைக்கிறது. நுரைத்த எண்ணெயால் பற்களுக்கு இடையே உறுதியான படலமாக நிற்க முடியாது. முன்பகுதிக்குச் செல்லும் எண்ணெயின் அளவும் குறைகிறது. அமெரிக்கப் பொறியாளர் கேல் பேங்க்சு 2010களின் இறுதியில் ஒளிபுகும் மூடிகளைக் கொண்டு இவ்வோட்டத்தைப் படம்பிடித்துக் காட்டினார். அவருடைய சோதனைகளில் தட்டைச் சுவர் கொண்ட மூடிகளை விடத் தொழிற்சாலையின் எளிய வளைந்த மூடி சிறப்பாகச் செயற்பட்டது. பின்னர் அவருடைய நிறுவனமும் வளைந்த உட்புறம் கொண்ட மூடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது என்பதையும் வாசகர் கருத்தில் கொள்ள வேண்டும். எனினும் அவர் காட்டிய எண்ணெயோட்டம் எவரும் செய்து பார்க்கக்கூடியதே.

வெப்பம்

அலுமினியம் வெப்பத்தை நன்கு கடத்தும் என்பது சரி. வார்ப்பு அலுமினியத்தின் வெப்பக் கடத்துதிறன் எஃகைவிட ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்கு. ஆனால் இங்கே தடையாக இருப்பது உலோகம்தானா என்று பார்க்க ஓர் எளிய கணக்கு போதும்.

மலையேறும் சிறு சரக்குந்து ஒன்றின் பின்னச்சுக்கு 25 கிலோவாட்டுத் திறன் வருவதாகவும், அதில் நூற்றுக்கு 4 பங்கு உராய்வில் வெப்பமாவதாகவும் கொள்வோம். அது 1 கிலோவாட்டு, அதாவது ஒரு மின் சலவைப்பெட்டியின் அளவு. 30 செ.மீ. விட்டமுள்ள மூடியின் பரப்பு, கூடும் இருபுறக் குழாய்களும் சேர்ந்த முழுப் பின்னச்சுப் பரப்பில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான். ஆகவே மூடியின் வழியாக வெளியேறுவது 125 வாட்டு அளவில் இருக்கும். 3 மி.மீ. கனமுள்ள எஃகுத் தகட்டில் இந்த வெப்பம் பாய, உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் இடையே வேண்டிய வெப்பநிலை வேறுபாடு ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு. அலுமினியத்தால் அதனை இன்னும் குறைக்கலாம், ஆனால் அதில் ஆதாயம் ஏதும் இல்லை. உண்மையான தடை மூடிக்கு வெளியே, உலோகத்தில் இருந்து காற்றுக்கு வெப்பம் மாறும் இடத்தில் உள்ளது.

அந்த இடத்தில் வரிப்புடைப்புகள் உதவக்கூடும், ஏனெனில் அவை பரப்பைக் கூட்டுகின்றன. ஆனால் மூடி இருப்பது கூட்டின் பின்னால், காற்று நேராக வீசாத மறைவில். மேலும் புடைப்புகளுக்கு இடையே சேறு அடைத்துக் காய்ந்துவிட்டால் அது வெப்பத்தைக் காக்கும் போர்வையாக மாறிவிடும். திருமங்கலத்துக்குத் தெற்கே உள்ள கரிசல் காட்டுப் பாதைகளில் ஒரு மழைநாள் ஓடிய வண்டியைப் பார்த்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

கொள்ளளவு கூடிய ஆழமான மூடியின் நிலையும் இத்தகையதே. 2 லிட்டர் எண்ணெய் கொள்ளும் அச்சில் மேலும் 1 லிட்டர் ஊற்ற இடம் கிடைத்தால், எண்ணெய் பாதியளவு கூடியதாகத் தோன்றும். ஆனால் சூடாக வேண்டியது எண்ணெய் மட்டுமன்று, அதைச் சூழ்ந்த இரும்பும்தான். 60 கிலோ இரும்பு இருப்பதாகக் கொண்டால், கூடுதல் 1 லிட்டர் எண்ணெய் முழு வெப்பக் கொள்ளளவில் நூற்றுக்கு 6 பங்கு அளவே சேர்க்கும். எண்ணெய் தன் உச்ச வெப்பநிலையை எட்ட ஆகும் நேரம் சற்று நீளும். உச்சம் ஏறத்தாழ அதே இடத்தில்தான் நிற்கும்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது எண்ணெயின் மட்டம். சில ஆழமான மூடிகளில் எண்ணெய் ஊற்றும் துளை, தொழிற்சாலைத் துளையை விட உயரத்தில் உள்ளது. அத்துளை வரை நிரப்பினால் கிரவுன் அளவுக்கு மேல் முங்கி எண்ணெயைக் கடைகிறது. அந்தக் கடைதலே புதிய வெப்பத்தை உண்டாக்கும். மிகையான எண்ணெய் அச்சுக் குழாய்களின் வழியாக ஓடி, முனைகளில் உள்ள ஆயில் சீல்களைத் தாண்டிப் பின்சக்கரத் தடையுருளைக்குள் கசியக்கூடும். எண்ணெய் பட்ட தடைப்பட்டைகள் பிடிக்காது. கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டுக்குச் சரக்குடன் இறங்கும் வண்டிக்கு இது உயிர் சார்ந்த விடயம்.

பழங்காநத்தமும் மதுரைச் சமவெளியும்

பழங்காநத்தம் மதுரை நகரின் தென்மேற்கில் உள்ள பகுதி. திருப்பரங்குன்றம் சாலையும் காளவாசலில் இருந்து வரும் புறவழிச்சாலையும் இங்கே கூடுகின்றன. மாட்டுத்தாவணியில் ஒருங்கிணைந்த பேருந்து நிலையம் 1999இல் திறக்கப்படும் வரை, தென்மாவட்டப் பேருந்துகள் பழங்காநத்தம் பேருந்து நிலையத்தில் இருந்து புறப்பட்டன. அருகில் உள்ள டி.வி.எஸ். நகர், 1911இல் மதுரையில் தொழில் தொடங்கிய டி. வி. சுந்தரம் ஐயங்கார் நிறுவனத்தின் பெயரைத் தாங்கியது. 1972இல் உருவான பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தின் வழிவந்த அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் தலைமையகம் புறவழிச்சாலையில் உள்ளது. வண்டிகளைத் தேவைக்கேற்ப மாற்றியமைப்பது இந்நகருக்குப் புதிதன்று. இரண்டாம் உலகப் போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டின்போது, கரிவாயுவில் பேருந்தை ஓட்டும் கலன்களை டி.வி.எஸ். தயாரித்தது.

இப்பகுதியில் ஓடும் சிறு சரக்குந்துகள் பெரும்பாலும் ஓட்டுநரே உரிமையாளராக இருப்பவை. மாட்டுத்தாவணி, பரவை சந்தைகளுக்குக் காய்கறியும் பூவும் கொண்டுவருதல், கம்பம் பள்ளத்தாக்கில் இருந்து திராட்சை, கொடைக்கானலில் இருந்து கேரட்டு என்று விடியலுக்கு முன்னரே ஓட்டம் தொடங்கிவிடும். கிரவுன்–பினியன் இணை உடைந்தால் பாகங்களின் விலையோடு பல நாள் வாடகையும் போய்விடும், மாதத் தவணையோ நிற்காது. ஆகவே அச்சைக் காக்கச் செலவழிப்பது என்ற முடிவு சரியானதே. ஆனால் அந்தப் பணத்தை மூடிக்குக் கொடுப்பதா என்பது வேறு கேள்வி.

மதுரைச் சூழலில் பின்னச்சு கெடுவதற்கான காரணங்கள் மூன்று. கோடையில் நகரின் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தொடுவதுண்டு. அந்த வெயிலில் அளவுக்கு மிஞ்சிய சரக்குடன் நான்குவழிச் சாலையில் நெடுந்தொலைவு வேகமாக ஓடும்போது எண்ணெய் சூடேறுகிறது. எண்ணெய் ஒவ்வொரு 10 பாகை கூடுதலாகச் சூடேறும்போதும் அது ஆக்சிசனோடு வினைபுரிந்து கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்கள் கொள்ளும் பொதுக் கணக்கு. பாரத்தைக் குறைப்பதைப் போல இதற்கு மருந்து வேறில்லை. 2019 திருத்தச் சட்டத்தின்படி மிகைப்பாரத்துக்கு அபராதம் 20,000 உரூபாய், அதோடு மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 உரூபாய் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

இரண்டாவது காரணம் நீர். வடகிழக்குப் பருவமழையில் மதுரையின் இரயில்வே சுரங்கப்பாதைகளில் நீர் தேங்கும். ஓடிச் சூடான அச்சு திடீரெனக் குளிர்ந்த நீரில் முங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, வெளியே இருப்பதை உள்ளே இழுக்கும். கூட்டின் மேல் உள்ள மூச்சுத்துளையோ தேய்ந்த சீல்களோ நீருக்கு வழிவிடும். நீர் கலந்த எண்ணெய் மோர் போல வெளுத்திருக்கும். மாறாக, மூச்சுத்துளை புழுதியால் அடைத்துக்கொண்டால், சூடாகி விரியும் காற்று வெளியேற வழியின்றிச் சீல்களைத் தள்ளி எண்ணெயைக் கசியச் செய்யும். மூடி கசிகிறது என்று பட்டறைக்கு வரும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சிறு துளையையே. துளையில் ஓர் இரப்பர்க் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைச் சட்டகத்தின் உயரத்தில் கட்டிவிடலாம். செலவு சொற்பம், மூடி எதுவும் தராத காப்பை இது தரும்.

மூன்றாவது தவறான எண்ணெய். கடைகளில் 90 ஆயில், 140 ஆயில் என்று கேட்டு வாங்கும் வழக்கம் உள்ளது. அந்த எண் எண்ணெயின் பாகுநிலையை மட்டுமே குறிக்கும். அழுத்தத்தைத் தாங்கும் திறனைக் காட்டுவது அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஜி.எல். தரம். ஹைப்பாய்டு பற்களுக்கு வேண்டியது பொதுவாக ஜி.எல்.-5, அதில் உள்ள கந்தக, பாசுபரசுச் சேர்மங்கள் பற்களின் மேல் காப்புப் படலமாகின்றன. ஜி.எல்.-4 தரத்திலும் 90 ஆயில் கிடைக்கிறது. இரண்டுக்கும் தகரத்தின் மேல் ஒரே எண், அச்சுக்குள் வேறு வேறு விளைவு. இதே ஜி.எல்.-5 எண்ணெயைப் பித்தளை வளையங்கள் கொண்ட பழைய பல்லிணைப் பெட்டிகளில் ஊற்றினால் அவ்வளையங்கள் அரிக்கப்படலாம் என்பதால், தயாரிப்பாளர் கையேடு சொல்லும் தரத்தையே பின்பற்ற வேண்டும்.

மாற்றுவதால் வரும் பயன்கள்

வேறு மூடியே பயனற்றது என்பதன்று. வார்ப்பு மூடி தடிமனானது. கல்லில் மோதினால் எஃகுத் தகடு உள்ளே மடங்கிக் கிரவுனை உரசக்கூடும், வார்ப்பு அவ்வாறு எளிதில் மடங்காது. கல் குவாரிப் பாதைகளில் ஓடும் வண்டிக்கு இது தகுந்த காரணம். பல எஃகு மூடிகளில் வடிதுளை இல்லாததால், எண்ணெய் மாற்ற மூடியையே கழற்ற வேண்டியுள்ளது. புதிய மூடிகளில் காந்தம் பதித்த வடிதுளை அடைப்பான் உண்டு. இரும்புத் துகள்களை அது பிடித்து வைப்பதால் அச்சின் நலத்தை ஒவ்வொரு முறையும் அறியலாம். இப்பயன்களுக்காக வாங்குவோர் உட்புறம் வளைந்த, எண்ணெய் மட்டத் துளை பழைய உயரத்திலேயே அமைந்த மூடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மாற்றும் முறை

எண்ணெயை வடிப்பதற்கு முன் ஊற்றுதுளையின் அடைப்பான் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். வடித்த பிறகு அது துருவேறித் திறக்க மறுத்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்க நேரும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சற்று ஓடி வந்த இளஞ்சூட்டில் எண்ணெயை வடிப்பது எளிது. மேலே இரண்டு மரையாணிகளைத் தளர்த்தி மட்டும் விட்டு, மற்றவற்றைக் கழற்றிய பின் மூடியை நெம்பினால் அது திடீரெனக் கீழே விழாது.

திறந்ததும் உள்ளே பார்ப்பதே இவ்வேலையின் மதிப்புமிக்க பகுதி. சாம்பல் நிறக் குழம்பு போன்ற நுண்துகள் இயல்பான தேய்மானம். செதில்களோ பல்லின் துண்டுகளோ இருந்தால், மூடியைப் பற்றிய எண்ணத்தை விட்டுவிட்டுத் தாங்கிகளையும் பற்களையும் ஆராய வேண்டும்.

பழைய காஸ்கெட்டைச் சுரண்டும்போது துகள் உள்ளே விழாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். முன்பு அரக்குக் கரைசலான ஷெல்லாக்கைப் பூசுவர். இன்று அனபாண்டு போன்ற சிலிக்கோன் பசைகள் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன. அலுமினிய மூடிக்கு நெகிழும் பசையே ஏற்றது. 30 பாகையில் இருந்து 100 பாகைக்குச் சூடாகும்போது, 30 செ.மீ. அகலமுள்ள அலுமினிய மூடி, இரும்புக் கூட்டை விட ஏறத்தாழ கால் மி.மீ. கூடுதலாக விரிகிறது. இறுகிக் காயும் பூச்சு இவ்வசைவில் வெடித்துக் கசியும். மூடி தடிமனாக இருப்பதால் பழைய மரையாணிகளின் நீளம் போதாமல் போகலாம். இரண்டு மூன்று மரைகளில் மட்டும் பிடித்த ஆணி இறுக்கும்போதே கூட்டின் மரையை உரித்துவிடும். ஆணிகளை எதிரெதிராக, கையேட்டில் குறித்த முறுக்குவிசைக்கு, இரண்டு மூன்று சுற்றுகளாக இறுக்க வேண்டும். பசை உலர அதன் உறையில் குறித்த நேரத்தை விட்டு, துளையின் விளிம்பு வரை எண்ணெய் ஊற்றி அடைக்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் கசிவை ஒருமுறை பார்ப்பது வழக்கம்.

வடித்த எண்ணெய் இந்தியாவின் 2016ஆம் ஆண்டுத் தீங்குறு கழிவு விதிகளுக்கு உட்பட்டது. அதனை அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடமே சேர்க்க வேண்டும். மதுரை நகரினூடே செல்லும் கிருதுமால் ஆற்றின் கால்வாய்களில் கொட்டுவது குற்றமாகும்.

சட்ட நிலை

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வாகன மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றில் இருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல்லிணை மூடி பதிவுச் சான்றில் இடம்பெறும் விவரம் அன்று. ஆயினும் உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டியில் வெளிச்சந்தை மூடியைப் பொருத்தினால், பின்னச்சுக்கான உத்தரவாதக் கோரிக்கையைத் தயாரிப்பாளர் மறுக்க அது காரணமாகலாம். அத்தகைய வண்டி உரிமையாளர்கள் கழற்றிய எஃகு மூடியையும் அதன் மரையாணிகளையும் பாதுகாத்து வைத்திருப்பது வழக்கம்.